நேரான ஓடையில் சால்மன் தங்காது

போன மாதம் ஒரு மழை இரவு. கறிக்கு ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழே இருக்கிற கடையில் ஒரு ரின் மீன் வாங்கிவந்தேன். அண்ணரின் மகள், தரம் ஆறு படிக்கிறவள், ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சித்தப்பா, கடைக்கார அங்கிள் செமன் எண்டுதானே தந்தவர்? இதில மக்கரல் எண்டெல்லோ கிடக்கு?"

அவள் வாசித்ததுதான் சரி. கொழும்பில் ரின்னுக்குள் அடைபட்ட மீன் எதுவானாலும் நமக்கு அது செமன்தான். சால்மன் என்ற பெயர் தேய்ந்து செமனாகி ரின்னோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே கிடப்பது பெரும்பாலும் மக்கரல். "அப்ப உண்மையான செமன் எங்க இருக்கு?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் சொல்லப் போய் அடுப்பில் வெங்காயத்தைக் கருகவிட்டேன். அன்றிரவு அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் பொறுமையாக எழுதிப் பார்க்கிறேன். மீனைப் பற்றி மட்டுமில்லை, அது பிறக்கிற ஓடையைப் பற்றியும். தங்கம் தோண்டியும் மரம் வெட்டியும் மனிதர் உருக்குலைத்த ஓடைகளை மறுபடி எப்படி மீனுக்கு ஏற்றதாக ஆக்குகிறார்கள் என்பதுதான் விஷயம்.

விலாங்கிலிருந்து தொடங்கினால் இலகு. நம் ஆறுகளில் இருக்கிற விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றுக்கு ஏறிவந்து வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகும். சால்மன் அதைத் தலைகீழாகச் செய்கிறது. குளிர்நாட்டு ஓடையில் பிறக்கும், கடலுக்கு இறங்கி அங்கே தின்று பருக்கும், சில ஆண்டுகள் கழித்துத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சினூக், கோஹோ, சொக்கை, பிங்க், சம் என்று ஐந்து வகை. முட்டையிட்ட பிறகு இவை இறந்துபோகும். இத்தனை ஆயிரம் ஓடைகளில் தன்னுடையது எது என்று அதற்கு மணத்தால் தெரிகிறது. குஞ்சுப் பருவத்தில் அந்த ஓடைத் தண்ணீரின் மணம் மனதில் பதிந்துவிடுகிறது என்ற கருத்தை 1950களில் முன்வைத்தவர் ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. மின்தூக்கி வேலை செய்யாத நாளில் படியேறும்போது, தாளிக்கிற வாசத்தை வைத்தே எங்கள் வீட்டு மாடி வந்துவிட்டது என்று கண்டுபிடிக்கிறவன் நான். எனக்கு அது நம்பமுடியாத செய்தியாகப் படவில்லை.

திரும்பி வந்த பெண் மீன் என்ன செய்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மிச்சக் கதை முழுக்க அதில்தான் தங்கியிருக்கிறது. ஆழமில்லாமல், சலசலவென்று நீர் ஓடுகிற சரளைக்கல் படுகையை அது தேடும். ஒருக்களித்துப் படுத்து வாலால் படுகையை ஓங்கி ஓங்கி அடிக்கும். கற்கள் எழும்பும். ஓடுகிற நீர் அவற்றைச் சற்றுத் தள்ளிப் போடும். கற்களுக்கிடையே கிடந்த மண்ணும் சேறும் கரைந்து போய்விடும். அரிசி களைகிற மாதிரித்தான். அப்படி விழுந்த குழிக்குள் பட்டாணி அளவில் செம்மஞ்சள் முட்டைகளை இடும். ஆண் மீன் பக்கத்தில் நின்று அவற்றைக் கருக்கட்டச் செய்யும். பிறகு பெண் மீன் கொஞ்சம் மேலே போய் மறுபடி வாலடி. அங்கிருந்து பெயர்ந்த கற்கள் உருண்டு வந்து முட்டைகளை மூடிவிடும். அந்தக் கல் மூடிக்குக் கீழே முட்டைகள் மாதக்கணக்கில் கிடக்கும். பொரித்த குஞ்சுகளும் வயிற்றில் மஞ்சட்கருப் பையைச் சுமந்தபடி, அது தீரும்வரை கற்களுக்குள்ளேயே இருக்கும்.

முட்டை மூச்சு விடுவது கற்களின் இடைவெளியால் ஓடுகிற குளிர்நீரிலிருந்து. ஆகவே கல்லின் அளவு முக்கியம். நெல்லிக்காய் அளவிலிருந்து தோடம்பழ அளவு வரையில் கலந்து கிடந்தால் நல்லது. பூசணிக்காய் அளவுக் கற்களை மீனால் அசைக்க முடியாது. மணலும் சேறும் நிறைந்தால் இடைவெளி அடைபட்டு முட்டை மூச்சுமுட்டிச் சாகும். தண்ணீர் சூடானாலும் ஆபத்துதான். சூடான நீரில் கரைந்திருக்கிற ஒட்சிசன் குறைவு. 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே வளர்ந்த சால்மனும் தடுமாறும். நம் கால்வாய்களில் அது ஒரு நாள்கூடத் தாங்காது.

கற்களிலிருந்து வெளியே வந்த பிறகு வகைக்கு வகை வழக்கம் வேறு. பிங்க் குஞ்சு நேரே கடலுக்கு ஓடிவிடும். கோஹோ ஓராண்டாவது ஓடையிலேயே தங்கும். விரல் நீளம்கூட வராத குஞ்சு, மழை வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிற ஓடையில் ஓராண்டு எப்படித் தாக்குப்பிடிக்கும்? ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். ஆழமான மடு, விழுந்து கிடக்கிற மரத்தின் வேர்ப்பின்னல், பக்கத்தில் பிரிந்து போகிற சின்ன வாய்க்கால், வெள்ளம் பரவுகிற சதுப்பு. அங்கே பதுங்கிக்கொண்டு, ஓடுகிற நீர் கொண்டுவருகிற பூச்சியை எட்டிப் பிடித்துத் தின்னும். எதிர்நீச்சலுக்குச் செலவாகிற பலம் தின்கிற தீனியை மிஞ்சினால் குஞ்சு வளராது.

வாழிடம் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் 'ஓர் உயிரி வாழும் இடம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சால்மனைப் பார்த்தால் அது எவ்வளவு குறைவான விளக்கம் என்று தெரியும். முட்டைக்குச் சரளை, குஞ்சுக்கு மடுவும் மறைவும், தாய்க்கும் தகப்பனுக்கும் கடலிலிருந்து தடையில்லாத வழி. ஒரே மீனுக்கு வயதுக்கு வயது வேறு வீடு. ஒன்று இல்லாவிட்டாலும் மற்றவை இருந்து பலனில்லை.

இனித் தொழில் வந்த கதை. அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் ஹோப் என்று ஒரு சின்ன ஊர். அதனருகே ரெசரெக்‌ஷன் என்ற ஓடை கடலில் கலக்கிறது. ரெசரெக்‌ஷன் என்றால் உயிர்த்தெழுதல். இந்தக் கட்டுரைக்காக நான் வைத்த பெயரல்ல, உண்மையான பெயரே அதுதான். 1890களில் அங்கே தங்கம் தேடி ஆட்கள் குவிந்தார்கள். தட்டில் மண் அரித்தவர்களுக்குப் பின்னால் பெரிய குழாய்கள் வந்தன. மேட்டிலிருந்து வாய்க்காலாலும் குழாயாலும் நீரை இறக்கி, பீரங்கி போன்ற ஒரு முனையால் கரையின் மேல் பீய்ச்சி அடிப்பார்கள். மரமும் மண்ணும் கல்லுமாகக் கரையே சரிந்து விழும். அந்தக் குழம்பைக் குறுக்குச் சட்டங்கள் வைத்த நீண்ட மரத்தொட்டியால் ஓடவிடுவார்கள். தங்கம் நீரைவிட 19 மடங்கு பாரம். சாதாரணக் கல் இரண்டரை மடங்கு சொச்சம். ஆகவே தங்கம் சட்டங்களுக்குப் பின்னால் தங்கும், மற்றதெல்லாம் வெளியே போகும். மெல்லிய மண் ஓடையோடு போய்க் கீழே இருக்கிற சரளையை அடைக்கும். பெரிய கற்களை இருபக்கமும் மலையாகக் குவிப்பார்கள். குவித்த மேடுகளுக்கு நடுவே, ஓடை இடைஞ்சல் தராமல் நேராக ஓடவேண்டும் என்று ஒரு தடம் வெட்டிவிடுவார்கள்.

தங்கம் தோண்டியவர்கள் போன பிறகும் அந்தத் தடம் அப்படியே கிடந்தது. இன்றைக்கு அப்படிப்பட்ட ஓடையைப் படம் எடுத்துப் போட்டால் நாம் 'என்ன சுத்தமான தண்ணீர்' என்போம். கண்ணாடி மாதிரித் தெளிவு. கரை இரண்டும் கல் அடுக்கியது போல. மீனுக்கு மட்டும் அதில் இருக்க வழியில்லை.

ஏனென்று விளங்க, கண்டி வீதியில் கடுகண்ணாவை மலை வளைவுகளை நினைத்துப் பாருங்கள். அந்த வளைவுகளையெல்லாம் எடுத்துவிட்டு மேலிருந்து கீழே ஒரே கோட்டில் வீதி போட்டால் லொறி எப்படிப் பாயும்? வளைந்து போன ஓடையை நேராக்கினால் அதே இறக்கத்தைக் குறைந்த தூரத்தில் இறங்க வேண்டும். வேகம் கூடும். வேகமான நீர் நெல்லிக்காய், தோடம்பழ அளவுக் கற்களை அள்ளிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது பூசணிக்காய்கள். வெள்ளம் வந்தால் கல்மேடு தடுப்பதால் பக்கவாட்டில் பரவ முடியாது, எல்லாப் பலத்தையும் படுகையிலேயே காட்டும். மடு தங்காது. மண்ணில்லாத கல்மேட்டில் மரம் வளராது. மரமில்லாததால் நிழலில்லை, ஓடைக்குள் விழுவதற்கும் மரமில்லை. நூறு ஆண்டு விட்டுவைத்தாலும் தானாகத் திருந்தாததற்கு இதுதான் காரணம். ஒரு குறை அடுத்த குறையைக் காவல் காக்கிறது.

தெற்கே வொஷிங்டன், ஒரிகன் மாநிலங்களில் இதே கேட்டை மரத் தொழில் செய்தது. ஓடையை மறித்துத் தற்காலிக அணை கட்டி, வெட்டிய மரங்களைத் தேக்கத்தில் நிரப்பி, அணையைத் திடீரென்று திறந்துவிடுவார்கள். மரமும் நீரும் ஒன்றாகப் பாய்ந்து ஆற்றுப் படுகையைச் சுரண்டிக்கொண்டு போய் ஆலையடியில் சேரும். மரம் கொண்டுபோக அதைவிட மலிவான வழி இல்லை. பாறை தெரியும்வரை சுரண்டப்பட்ட படுகைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்த, கொஞ்சம் சிரிப்பும் வருகிற ஒரு பகுதி உண்டு. மரத் தொழில் செய்தவர்களை விடுங்கள். மீனைக் காக்க வேண்டிய அரசுத் துறைகளே ஏறக்குறைய 1970கள் வரை ஓடைகளில் விழுந்து கிடந்த மரங்களைத் தேடித் தேடி அகற்றின. மரக்குவியல் சால்மனின் வழியை மறிக்கிறது, ஓடை துப்புரவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்லெண்ணம்தான். பிறகுதான் தெரிந்தது, அந்த மரங்கள்தான் மடுவைத் தோண்டிக் கொடுத்தன, சரளையைப் பிடித்துவைத்தன, குஞ்சுகளை மறைத்தன என்று. அகற்றிய துறைகளே இன்று பணம் கொடுத்து மரங்களைக் கொண்டுவந்து ஓடைக்குள் போடுகின்றன. சில இடங்களில் ஹெலிகொப்டரில் தொங்கவிட்டு.

சரி, மீட்பது எப்படி? முதல் வேலை மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தை இறக்குவதல்ல, ஏன் கெட்டது என்று கேட்பது. மேலே ஒரு மண்வீதி சரிந்து சேறு வந்துகொண்டிருக்கிறபோது கீழே நல்ல சரளை கொட்டினால் அடுத்த மழையில் அதுவும் அடைபடும். காரணத்தைக் கண்ட பிறகுதான் உருவத்தைத் திருத்துவது.

ரெசரெக்‌ஷன் ஓடையில் 2005, 2006 ஆண்டுகளில் அமெரிக்க வனத்துறை ஏறத்தாழ ஒரு மைல் நீளத்தை எடுத்துக்கொண்டது. இப்படியான இடங்களில் வேலை நடக்கிற விதம் இதுதான். கல்மேடுகளைக் கலைத்து, ஓடையின் இரு பக்கமும் நிலத்தைத் தாழ்த்துவார்கள். பெரிய மழைக்கு நீர் கரை தாண்டிப் பரவி வேகம் தணிய அது இடம் தரும். பழைய தடத்துக்குப் பக்கத்தில், உலர்ந்த நிலத்திலேயே வளைந்து நெளிந்த புதுத் தடத்தை வெட்டுவார்கள். மடுவும் சலசலப்பும் மாறி மாறி வரும்படி, இடைக்கிடை கிளை வாய்க்கால்களும் விட்டு. எல்லாம் ஆயத்தமானதும் நீரைப் புதுத் தடத்துக்குத் திருப்புவார்கள். பழைய தடத்தில் அகப்பட்ட மீன்களை வலைபோட்டுப் பிடித்து இடம் மாற்றுவார்கள். நீருக்குள் இறங்கிச் செய்கிற வேலைக்குக் கோடையில் சில வாரங்கள்தான் அவகாசம். சரளைக்குள் முட்டை கிடக்கிற காலத்தில் இயந்திரம் இறங்கக் கூடாது.

அடுத்தது மரம். அறுத்த பலகையோ வழுவழுப்பான குற்றியோ சரிவராது, வேர்க்கட்டையோடு பெயர்த்த முழு மரம் வேண்டும். அடிமரத்தைக் கரைக்குள் புதைத்து, வேர்த்தலை நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி கிடத்துவார்கள். நீர் வேர்த்தலையில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பும், அங்கே படுகையைத் தோண்டும். அது மடு. மரத்துக்குப் பின்னால் வேகம் குறைந்த இடத்தில் சுமந்துவந்த கல்லை இறக்கிவைக்கும். அது சரளைப் படுகை. பெக்கோ தோண்டிக் கொடுத்தது தொடக்கம் மட்டுமே, பராமரிக்கிறது ஓடையே. 1980களில் கம்பி, கொங்கிறீட், பெருங்கல் கொண்டு ஓடைக்குள் கட்டிய பல அமைப்புகள் பெருவெள்ளத்தில் சிதைந்துபோயின. ஆறு நகரும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் கட்டியதன் விளைவு. இன்றைய வேலையில் ஒரு மரம் பத்தடி நகர்ந்தால் யாரும் தலையில் கைவைப்பதில்லை.

கடைசியாகக் கரை. மண்ணில்லாத கல்லின் மேல் மண் பரப்பி, வில்லோ போன்ற மரங்களின் கொம்புகளைக் குத்திவைப்பார்கள். நாங்கள் வேலிக்குக் கிளுவைக் கதியால் நடுகிறது போலவே, வெட்டிய தடி வேர்விட்டுத் தழைக்கும். பெரிய மரங்கள் ஆளாக அரை நூற்றாண்டுக்கும் மேலே வேண்டும். கொண்டுவந்து போட்ட மரங்கள் அதற்குள் உக்கிப்போகும். அப்போது நட்ட மரங்களில் ஒன்று கிழடாகித் தானே சாய்ந்து ஓடைக்குள் விழ வேண்டும். அதுவரைக்கும் இது கைமாற்று வாங்கிய மரம்.

சீரமைத்த பகுதிக்குச் சால்மன் வந்து முட்டையிட்டது. அந்த அனுபவத்தில் 2020களில் அதே ஓடையின் அடுத்த பகுதியிலும் வேலை தொடங்கியது. வனத்துறையோடும் மீன்வளத் தொண்டு நிறுவனம் ஒன்றோடும் கூட்டுச் சேர்ந்தவர்களில் கின்றொஸ் என்ற தங்கச் சுரங்க நிறுவனமும் ஒன்று. தங்கத்துக்காகக் குலைந்த ஓடைக்குத் தங்கக்காரரே காசு போட்டார்கள். கோபப்படுவதா மகிழ்வதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஓடைக்கு அது ஒரு பொருட்டில்லை.

எல்லாக் கேடுகளும் உருவத்தைத் திருத்தித் தீர்கிறவை அல்ல. கடலிலிருந்து வருகிற வழியில் அணை நின்றால் மேலே எத்தனை மடு இருந்தும் வீண். வொஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றில் 1913இலும் 1927இலும் எழுந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக உடைத்தெடுத்தார்கள். ஒரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் ஓடுகிற கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024இல் முடிந்தது. முடிந்த சில வாரங்களுக்குள்ளேயே அணைகள் நின்ற இடத்தைத் தாண்டிச் சினூக் மேலே போயின. அணைகூட வேண்டாம், வீதிக்குக் கீழே போகிற ஒரு மதகு போதும். குழாயின் வாய் கீழ்ப்பக்கம் மூன்றடி உயரத்தில் தொங்கினால் பல மீன்களுக்கு அது மதில்.

இன்னொன்று கொழும்பில் இருக்கிற எவரையும் யோசிக்கவைக்கும். சியாட்டில் நகர ஓடைகளைச் சீரமைத்து, மரம் போட்டு, எல்லாம் செய்த பிறகும் கோஹோ சால்மன் மழை பெய்த கையோடு முட்டையிடாமலே சுருண்டு செத்தன. பல ஆண்டுகள் காரணம் பிடிபடவில்லை. 2020இல் கண்டுபிடித்தார்கள். வாகன ரயரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கிற ஒரு பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாகிறது, ரயர் தேய்ந்த தூளை மழை கழுவி ஓடைக்குள் சேர்க்கிறது. 6பிபிடி குயினோன் என்று பெயர். சம் சால்மனை அது பெரிதாகப் பாதிக்கவில்லை, கோஹோவைக் கொல்கிறது. அந்த வீதி நீரை மண் வழியாக வடியவிட்டால் நஞ்சு வெகுவாகக் குறைகிறது. காலி வீதியில் ஒரு மழைக்கு எவ்வளவு கறுப்புத் தண்ணீர் கால்வாய்க்கு இறங்குகிறது என்று பஸ் தரிப்பிடத்தில் நின்றால் நீங்களே பார்க்கலாம்.

வேலை பலித்ததா என்று அறிவது இலேசல்ல. இந்த ஆண்டு பொரித்த குஞ்சு திரும்பிவரச் சில ஆண்டுகள் ஆகும். இடையில் கடல் சூடானாலோ இரை குறைந்தாலோ நல்ல ஓடைக்கும் மீன் குறைவாகவே வரும். அதனால் வருகிற மீனை எண்ணுவதோடு நிற்காமல் சரளையில் உள்ள முட்டைக்குழிகளை எண்ணுவார்கள், கடலுக்கு இறங்குகிற குஞ்சுகளையும் பொறிவைத்துப் பிடித்து எண்ணிவிட்டு விடுவார்கள். ஒரு சோடி மீன் இட்ட சில ஆயிரம் முட்டைகளில் இரண்டு திரும்பி வந்தாலே இனம் குறையாது. மூன்று வந்தால் பெருகும்.

இதை அப்படியே கொழும்புக்குப் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. வெள்ளவத்தை, தெகிவளை, கிருலப்பனைக் கால்வாய்கள் மழைநீரைக் கடலுக்குத் தள்ளுவதற்காக இருப்பவை. அவற்றுக்குள் மரம் கிடத்தினால் அடுத்த மழைக்கு யாருடைய வீட்டுக்குள்ளாவது தண்ணீர் ஏறும். ஆனால் ஓடையின் உருவம் என்ற கண்ணால் பார்த்தால் நம் ஊரிலும் சில விஷயம் தெளிவாகும். களனி ஆற்றில் மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்ததால் கடல் உப்பு மேலேறி அம்பத்தலையில் குடிநீர் எடுக்கிற இடம்வரை தொல்லை தந்திருக்கிறது. நீரில் ஒரு துளி அழுக்கு சேர்க்காமல், உருவத்தை மாற்றியே ஓர் ஆற்றைக் கெடுக்கலாம். 2010 நவம்பர் மழையில் தியவன்னா ஏரி பெருகி நாடாளுமன்ற வளாகத்தையே சூழ்ந்தது. கொழும்பைச் சுற்றி மிஞ்சியிருக்கிற சதுப்புகள்தான் வெள்ளம் பரவ இருக்கிற இடம். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்புக்கு அங்கீகாரம் கிடைத்ததும் அவற்றால்தான். அலாஸ்காவில் கல்மேட்டைக் கலைத்து உண்டாக்குகிற பரவிடம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. அதில் நிரப்பிக் கட்டியது போக மீதிதான் இப்போது இருப்பது.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் கால்வாய்க் கரையால் நடந்தோம். ஒரு தென்னங்குற்றி எங்கிருந்தோ மிதந்து வந்து கரைச் சுவரில் சாய்ந்து நின்றது. மேலே ஒரு கபரக்கொய்யா வெயில் காய்ந்தது. குற்றிக்குப் பின்னால், நீர் சுழலாமல் நின்ற இடத்தில், விரல் நீளத்தில் பத்துப் பதினைந்து மீன் குஞ்சுகள், எல்லாம் நீர் வருகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. அவள் குந்தியிருந்து எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு தடவையும் கணக்கு மாறியது.

புதன்கிழமை பாடசாலை விட்டு வரும்போது துப்புரவு செய்கிற ஆட்கள் படகில் நின்று கொக்கத்தடியால் அதே குற்றியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகு நிறையப் பொலித்தீன் பைகளும் இளநீர்க் கோம்பைகளும். குற்றி பாரம். மூன்றாம் இழுப்பில்தான் அசைந்தது.

"சித்தப்பா, அந்தக் குற்றியை மட்டும் விடச் சொல்லிக் கேப்பமா?"

"அது இருந்தா குப்பை வந்து தேங்கும் பிள்ளை. பிறகு தண்ணி ஓடாது."

"அப்ப குஞ்செல்லாம் எங்க போகும்?"

குற்றி படகில் ஏறியது. அது நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் சேறு கலங்கியிருந்தது. அவள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அது தெளியும்வரை நின்றாள்.